திண்ணையும் பரணும்

நாம் தினந்தோறும் வழங்கும் சொற்களுட் பல, வீட்டுச் சாமான்களைப் போன்றவை. அவை எப்போது வந்தன, எவர் கொண்டுவந்து வைத்தார் என்று கேட்பாரில்லை. ஜன்னலைத் திறக்கிறோம், சாவியைத் தேடுகிறோம், அலமாரியைப் பூட்டுகிறோம். இம்மூன்று சொற்களும் போர்த்துகேசியருடைய கப்பல்களில் வந்து இறங்கியவை. கடன்பட்டவனுடைய வீட்டை ‘ஏலம்’ போடுகிறார்களே, அந்தச் சொல்லும் அதே கப்பலில் வந்ததுதான். ஆனால் வீட்டின் முன்புறத்திலுள்ள திண்ணைக்கு நாம் எவரிடமும் சொல் கடன் வாங்கவில்லை. பொருளும் நம்முடையது, பெயரும் நம்முடையது.

திண்ணையைப் பற்றி இன்று எழுத வேண்டியதென்ன என்று நேயர்கள் கேட்கலாம். பணத்தைப் பற்றி எழுதப் புகுந்தே நாம் திண்ணைக்கு வந்து சேர்ந்தோம். ‘பாங்க்’ என்னும் சொல்லின் மூலம் இத்தாலிய பாஷையிலுள்ள ‘பாங்கோ’ என்பது. அதற்கு விசிப்பலகை என்று பொருள். இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றுவோர் ஒரு பலகையை முன்னே போட்டுக்கொண்டு, வருவோர் போவோர் காணத் தொழில் நடத்தினர். அந்தப் பலகையே பின்னர் அவர்களுடைய தொழிலுக்குப் பெயராயிற்று. கடனைத் தீர்க்க வகையற்றுப் போனவனை இங்கிலீஷில் ‘பாங்கரப்ட்’ என்கிறார்கள். அதுவும் இத்தாலியிலிருந்து வந்ததே. முறிந்த பலகை என்பது அதன் பொருள். நம் ஊரில் அதனையே ‘ஐ.பி. கொடுத்துவிட்டான்’ என்றும், ‘மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டான்’ என்றும் சொல்லுகிறோம்.

ரொக்கத்தைக் குறிக்கும் ‘காஷ்’ என்னும் இங்கிலீஷ் சொல்லுக்கும் ஒரு சரித்திரமுண்டு. பணம் வைக்கும் பெட்டிக்கு ஐரோப்பிய பாஷைகளில் வழங்கிய பெயரே, பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் ஆகிவந்தது. இங்கிலீஷில் ‘காஷ்’ என்று மற்றொரு சொல்லும் உண்டு. சீன தேசத்துச் சிறு செப்புக் காசைக் குறிக்கும் அச்சொல், நமது ‘காசு’ என்பதிலிருந்து சென்றது. இரண்டு சொற்களும் ஒரே உருவில் நிற்பதால் அன்னியர் மட்டுமின்றி அவர்களே மயங்குவதுண்டு.

பலகையும் பெட்டியும் ஐரோப்பியருக்கு மட்டும் உரியவை அல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் லேவாதேவி நடத்திய இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீண்ட கூடம் ஒன்றில் ஒவ்வொரு கடைக்கும் சிறு இடம். அங்கே தாழ்ந்த பெட்டி ஒன்று. அதன் பின்னே கணக்கு எழுதுபவர். அந்த இடம் ‘பெட்டியடி’ எனப்பட்டது. அவர்கள் காரைக்குடியிலும் சுற்றூர்களிலும் பர்மா தேக்கைக் கொண்டு கட்டிய மாளிகைகளிலும் இந்தக் கிரமமே விளங்குகிறது. முன்னே திண்ணை; அதனையடுத்து முகப்பு; அதற்கும் உள்ளே வளவும் குடும்பம் புழங்கும் அறைகளும். கடன் கேட்டு வருகிறவன் திண்ணையில் அமர்வான். அவனுடைய முகம் தெரியும். குலம் கோத்திரம் தெரியும். அவனுடைய வயலில் இவ்வருஷம் என்ன விளைந்ததென்பதும் தெரியும். கொடுப்பவன் இன்னான் என்பது வாங்குபவனுக்கும் தெரியும். வட்டியில் கொடுமை இருந்ததுண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் கைமாற்றிய பணம் என்று அதனைச் சொல்ல முடியாது.

இனி வேறொரு சொல்லைப் பார்ப்போம். விலை ஏறும் அல்லது இறங்கும் என்று ஊகித்துப் பணத்தைப் போடுவதை இங்கிலீஷில் ‘ஸ்பெகுலேஷன்’ என்பர். லத்தீன் பாஷையில் ‘ஸ்பெகுலா’ என்றால் உயரத்திலிருந்து நோக்கும் காவலிடம். நமது பாஷையில் சொல்வதானால் பரண். தினைப்புனத்தில் பரண் கட்டிக் காத்த வழக்கத்தை நமது பழைய இலக்கியம் நன்கறியும். அப்பரணில் ஏறி நிற்பவருக்குக் கீழே தாம் விதைத்த தினை இருந்தது. கிளி வந்தால் நஷ்டம் தமக்கு. ஆகையால் கண்ணை இமையாது காத்தனர். ஊக வியாபாரியும் பரண் மீது நிற்பவனே. ஆனால் அவனுக்குக் கீழே அவன் விதைத்த பயிர் இல்லை. பிறர் புனத்தில் கிளி இறங்குமா, இறங்காதா என்று அவன் பந்தயம் கட்டுகிறான். நாம் இன்று சொல்ல வந்ததெல்லாம் இந்த வித்தியாசம் ஒன்றுதான்.

இந்தப் பரண் முறிந்து விழுந்த வரலாறு பழமையானது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு, அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டது. நமது பஞ்சுக்குக் கிராக்கி உண்டாகி, பம்பாயில் பணம் வெள்ளமாய்ப் புரண்டது. பணத்தை எங்கே போடுவதென்று தெரியாமல், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனியொன்றின் பங்குகளை ஜனங்கள் போட்டியிட்டு வாங்கினர். ஐயாயிரம் ரூபாய்ப் பங்கு ஐம்பதாயிரத்துக்குப் போயிற்று. வாங்கிய நிலமோ இன்னும் தண்ணீருக்குள் இருந்தது! 1865-ல் யுத்தம் முடிந்தது, பஞ்சு விலை சரிந்தது, பங்குகள் காகிதமாயின. பம்பாய் பாங்கே 1868-ல் கலைக்கப்பட்டது.

பம்பாயில் நேர்ந்ததைக் கண்டு நகைத்திருக்கக்கூடிய சென்னைக்கும் ஒரு நாள் வந்தது. 1906-ஆம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி, பல தலைமுறைகளாக நடந்துவந்த ஆர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்தது. உத்தியோகஸ்தர்களும், குமாஸ்தாக்களும், பென்ஷன்காரர்களும், சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களும் தங்கள் பணத்தை அங்கே ஒப்புவித்திருந்தனர். கடற்கரையிலிருந்த ஆபீஸையும் அதன் தூண்களையும் அவர்கள் கண்டிருந்தனர். லண்டனிலிருந்த கூட்டாளி மக்பேடியன் அப்பணத்தை ஊக வியாபாரத்தில் இழந்துகொண்டிருந்ததை அவர்கள் காணவில்லை. அவர் அங்கே ரயிலின் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னையில் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்கு நடந்து, 1907-ல் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. தண்டனை கிடைத்தது, போட்ட பணம் முழுதும் திரும்பவில்லை.

அச்சமயம் நம்மவர் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை என்பது நாம் பெருமை கொள்ளவேண்டிய விஷயம். பணம் இழந்தோர் பக்கம் நின்ற வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நகரத்தார் சிலரையும் மற்றப் பிரமுகர்களையும் சேர்த்துக்கொண்டு சுதேசி பாங்க் ஒன்றுக்கு முயன்றார். 1907 மார்ச்சில் இந்தியன் பாங்க் பதிவாகி, ஆகஸ்டு 15-ந் தேதி வேலையைத் தொடங்கியது. முறிந்த பலகையை எடுத்தெறிந்துவிட்டு, தெரிந்தவர் தெரிந்தவரிடம் பணம் கேட்டுப் புதுப் பலகை போட்டார்கள். திண்ணைக்குரிய நம்பிக்கையை அவர்கள் பெரிய கட்டடத்துக்குள் கொண்டுபோக முயன்றார்கள் என்று சொல்லலாம்.

இன்று நிலைமை என்ன? பரண் ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் வந்துவிட்டது. கைபேசியைத் தடவினால் எதிர்கால ஒப்பந்தம், விருப்ப ஒப்பந்தம் என்று பல பெயர்களில் ஊக வியாபாரம் காத்திருக்கிறது. விருப்ப ஒப்பந்தத்தின் தன்மையைச் சுருக்கமாகக் கூறுவோம். ஒரு விலை குறித்த தேதிக்குள் குறித்த எல்லையைத் தாண்டும் என்று எண்ணுகிறவன் சிறு தொகை கொடுத்து ஓர் உரிமையை வாங்குகிறான். அவன் எண்ணியபடி நடவாமல் தேதி கடந்துவிட்டால், அந்த உரிமை செல்லாக் காசு. ஒருவன் பெறும் லாபம் மற்றொருவன் இழக்கும் பணமே. புதிதாக விளைவது ஒரு மணி நெல்லும் இல்லை. இடையில் தரகும் வரியும் வேறு கழிகின்றன.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ‘செபி’ 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு நமது நேயர்கள் மனத்தில் பதியவேண்டியது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று வருஷங்களில் இவ்வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களுள் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். அவர்களுடைய மொத்த நஷ்டம் 1.8 லக்ஷம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-ல் இதில் ஈடுபட்டோரில் நாலில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டவர்கள், ஆண்டு வருமானம் ஐந்து லக்ஷத்துக்குக் குறைவு என்று தெரிவித்தவர்கள். எதிர்ப்புறத்தில் லாபம் கண்டவை, கணப்பொழுதில் கொடுக்கல் வாங்கலை முடிக்கும் யந்திரங்களைக் கொண்ட பெரிய ஸ்தாபனங்கள்.

சட்டம் இதனைத் தடுக்காதா என்று கேட்பவர்களுக்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நாளை மழை பெய்யுமென்று திண்ணையில் இருவர் நூறு ரூபாய் பந்தயம் கட்டினால், தோற்றவனிடமிருந்து கோர்ட்டு மூலம் வசூலிக்க முடியாது. ஆனால் அங்கீகாரம் பெற்ற சந்தையில் நடக்கும் மேற்சொன்ன ஒப்பந்தங்கள் செல்லுபடியாகும் என்று 2000-ல் அமலுக்கு வந்த திருத்தம் விதிக்கிறது. இதில் நியாயமே இல்லை என்று நாம் கூறோம். கையில் பங்குகளை வைத்திருப்பவனும், சரக்கு வைத்திருக்கும் வியாபாரியும் விலை வீழ்ச்சியிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள இவை உதவும். அது தன் புனத்தைக் காக்கும் பரண். புனமே இல்லாதவன் அதில் ஏறுவதே ஆபத்து.

நமது புது வீடுகளில் திண்ணை இல்லை. இரும்பு அளியும் மதிற்சுவரும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. மனையின் விலையைக் கருதினால் அதனைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் திண்ணையில் கேட்கப்பட்ட கேள்விகளையும் இடித்துத் தள்ளவேண்டிய அவசியமென்ன? பணம் யாரிடம் போகிறது? அவர் அதனைக் கொண்டு என்ன செய்கிறார்? லாபம் எந்த விளைச்சலிலிருந்து வரும்? நஷ்டம் வந்தால் அதைத் தாங்குபவர் யார்? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை தெரியாத இடத்தில், மாதச் சம்பளத்தையும் மனைவியின் நகையையும் வைப்பது தகாது.

கிராமங்களிலும் தொழிற்சங்கங்களிலும் பொதுவேலை செய்யும் நமது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சாராயக் கடையால் குடும்பம் கெடுவது தெருவுக்குத் தெரியும். தள்ளாடி வருபவனைக் கண்டு நாலு பேர் புத்தி சொல்வார்கள். கைபேசியில் கெடுபவன் வீட்டு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறான். கடன்காரன் வாசலுக்கு வரும்வரை மனைவிக்கும் தெரிவதில்லை. ஆகையால் வாசக சாலையிலும் சங்கக் கூட்டத்திலும் இக்கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். நூற்றுக்கு 93 என்னும் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். திண்ணை போனாலும், கூடிப் பேசுவதற்கு இடமா இல்லை?