கடைசி நான்கு விரல் உயரம்

ஆட்டிசம் உள்ள நான்கு வயதுப் பையனுக்குக் கால்சட்டை போடக் கற்றுத்தருவதை ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சிறப்பாசிரியை முதலில் இரண்டு கால்களையும் தானே நுழைத்தார். முட்டி தாண்டி, தொடை தாண்டி, இடுப்புக்கு நான்கு விரல் கீழே வரை இழுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பையன் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரே இழுப்பு. கால்சட்டை இடுப்புக்கு வந்துவிட்டது. அம்மா கைதட்டினார். “அடுத்த வாரம் தொடையிலேருந்து விடலாம்மா. அப்புறம் முட்டியிலேருந்து,” என்றார் ஆசிரியை. வேலையின் கடைசிப் படியை முதலில் பிள்ளையிடம் விட்டால், ஒவ்வொரு முறையும் வேலை அவன் கையால்தான் முடியும். தோற்றுப்போய் அழ இடமே இல்லை.

ஆசிரியையின் மடியில் கட்டம் போட்ட ஒரு தாள் இருந்தது. அதன் பூர்வீகம் சென்னை. பி. ஜெயச்சந்திரன், வி. விமலா என்ற இருவர் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. நடப்பது, கைவிரல் வேலை, சாப்பிடுவது, உடுத்துவது, கழிவறை, பேச்சு, நேரம், பணம், வீட்டு வேலை, பொழுதுபோக்கு என்று 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வரிகள், மொத்தம் 360. எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறும் வரிசை. ‘செய்கிறான்’, ‘இன்னும் செய்யவில்லை’ என்ற இரண்டு பதில்தான் உண்டு. முதல் ‘இல்லை’ எங்கே விழுகிறதோ, திங்கட்கிழமைப் பாடம் அங்கே தொடங்கும். வெளிநாட்டு அறிவுத்திறன் சோதனை ஒன்றை மொழிபெயர்த்து ஒரு எண்ணைக் கையில் கொடுத்திருக்கலாம். இவர்கள் அப்படிச் செய்யாமல் பிள்ளை சாப்பிடுவதையும் குளிப்பதையும் பார்த்து எழுதியது பெரிய காரியம் என்பேன். ஜெயச்சந்திரனின் பெயர் சிறப்புக் கல்வி வட்டத்துக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாதது நம் ஊர் வழக்கம்தான்.

இந்தத் தாள் ஆட்டிசத்துக்கென்று போட்டதல்ல என்பதால் அதற்கு ஒரு சங்கடமும் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளை பல நேரம் ஏணியில் வரிசையாக ஏறுவதில்லை. பஸ் போர்டை எழுத்துப் பிசகாமல் படிப்பான். “தண்ணி வேணும்” என்று கேட்க வராது. மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதை அந்த வரிகளில் எங்கே குறிப்பது? விவரமான ஆசிரியைகள் தாளின் ஓரத்தில் கையால் எழுதிக்கொள்கிறார்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வேறு தாள். அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் 2009-ல் கொண்டுவந்த ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற ஆட்டிச அளவுகோலில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 153-ஐத் தாண்டினால் கடுமையானது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்தச் சட்டம் தரும் சலுகைகளுக்கு இந்த மதிப்பெண் வேண்டும். அலுவலகத்துக்கு அது போதும். வீட்டுக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நாளைக் காலையில் என்ன செய்வது என்று அது சொல்லாது.

அன்று அந்த வீட்டுப் பாட்டி, “இவன் தாத்தாவே அஞ்சு வயசுக்கு மேலதான் வாய் திறந்தாராம்,” என்றார். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு தாத்தாவோ மாமாவோ இருப்பார். அவரால் ஓரிரண்டு வருஷம் போய்விடும். தமாரா டேலி என்ற அமெரிக்க ஆய்வாளர் சென்னை உட்பட நான்கு இந்திய நகரங்களின் பெற்றோரிடம் பேசி 2004-ல் எழுதிய கட்டுரையில் சுவையான விஷயம் ஒன்று இருக்கிறது. பேச்சு தாமதமாவதைவிட, பிள்ளை மனிதர்களோடு ஒட்டாததுதான் நம்மவர் கண்ணில் முதலில் படுகிறதாம். விருந்தாளி வந்தால் “வாங்கோன்னு சொல்லு” என்று பிள்ளையை முன்னால் தள்ளும் ஊரில் அது படாமல் இருக்குமா? பார்ப்பதில் அம்மாக்களுக்குக் குறையில்லை. பார்த்ததைச் சொன்னால் “அதெல்லாம் சரியாப் போயிடும்” என்று வாயை அடைப்பதுதான் பிரச்சினை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 2018-ல் வெளியான இன்க்ளென் என்ற அமைப்பின் ஆய்வு, இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. காது, கண் குறைபாடும் வலிப்பும் சேர்ந்த கணக்கு அது. பார்த்த இடங்கள் ஐந்து: பல்வல், காங்ரா, தென்கனல், வடக்கு கோவா, ஹைதராபாத். தமிழ்நாடு இல்லை. இமயமலை அடிவாரத்துக் காங்ராவின் கணக்கை வைத்துக்கொண்டுதான் காவிரிக்கரைக்கு எத்தனை சிறப்பாசிரியர் வேண்டும் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

திருச்சியில் ஆள் இல்லாமல் இல்லை. தெப்பக்குளம் அருகே ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. பள்ளி, அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமும் 2013-லிருந்தே நடக்கிறது. அங்கன்வாடி டீச்சருக்கு எந்தப் பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஏற்கெனவே தெரியும். கல்லூரி மாணவிகள் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் அங்கன்வாடிகளில் அவரோடு ஒரு பருவம் உட்கார்ந்து, மூன்று வயதுக்காரர்களை மட்டும் பார்த்து எழுதினாலே காங்ராவை நம்பியிருக்க வேண்டாம். அதற்குப் புது நிறுவனமோ அமெரிக்க நிதியோ தேவையில்லை. ஒரு வழிகாட்டிப் பேராசிரியரும், மாவட்டத்திலிருந்து ஒரு அனுமதிக் கடிதமும் போதும்.