காலாங் கரையும் உப்பனாற்று ஷட்டரும்

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்குள் தூர்வாரி முடிக்க வேண்டும் என்ற அவசரம் ஆண்டுதோறும் வரும். கூடவே வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வியும் வரும். சிங்கப்பூரில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சீர்காழிப் பக்கம் திரும்புகிறவர்கள் எழுதுவது இது: காலாங் ஆற்றங்கரைப் பூங்கா இருக்கும் வட்டாரம் ஒரு காலத்தில் படகுப் பட்டறையும் மரவாடியுமாகக் கிடந்ததாமே, நம் உப்பனாற்றுக் கரையை ஏன் அப்படி ஆக்கக் கூடாது? எல்லாக் கடிதங்களும் புல்தரையைத்தான் வர்ணிக்கின்றன. கடல் நீரைத் தடுக்கும் ஷட்டரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ஆற்றைச் சுத்தமாக்க அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ 1977-இல் பத்தாண்டுக் கெடு வைத்தார். 1987-இல் ஆறு சுத்தமாகிவிட்டது என்றார்கள். அரசு மொழியில் அந்தச் ‘சுத்தம்’ பெரும்பாலும் ஆட்களையும் தொழில்களையும் அப்புறப்படுத்தியதுதான்: சுமார் 26,000 குடும்பங்கள், 600-க்கு மேற்பட்ட பன்றிப் பண்ணைகள். குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது, மறுப்பதற்கில்லை. பிழைப்பு என்ன ஆனது என்பது அந்தக் கணக்கில் ஏறாது. 1862-இல் தொடங்கிய காலாங் கேஸ் ஆலை மட்டும் 1998 வரை ஓடியது. (சர்க்கார் ஆலைக்குக் கெடு கொஞ்சம் தாராளம்.)

ஆனாலும் கடல் ஏறினால் உப்புத் தண்ணீர், இறங்கினால் சேறு என்ற நிலை 2008 வரை இருந்தது. அந்த ஆண்டுதான் முகத்துவாரத்தில் 350 மீட்டர் நீள மரினா அணைக்கட்டு வந்தது. மழைத் தண்ணீர் உப்பை மெல்ல மெல்லத் தள்ளி, 2010-இல் உள்ளே இருந்தது நன்னீர்த் தேக்கமாயிற்று. ஆக, காலாங்கில் நாம் ரசிப்பது ஆற்றை அல்ல, ஏரியை. மட்டம் ஏறி இறங்காததால்தான் புல்லைத் தண்ணீர் ஓரம் வரை இறக்க முடிகிறது. பெருமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் ஒன்பது இரும்புக் கதவுகள் சாய்ந்து வெள்ளத்தை விடும். கடல் ஏறியிருந்தால் கதவு மூடியே இருக்க, ஏழு பம்புகள் இறைக்கும். ஏழும் சேர்ந்து வினாடிக்கு ஏறத்தாழ 9,900 கன அடி. மேட்டூரில் பாசனத்துக்குப் பத்தாயிரம் கன அடி திறப்பு என்று செய்தி படிக்கிறோமே, கிட்டத்தட்ட அவ்வளவு தண்ணீர்!

கடைமடையில் நம்மிடமும் ஷட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, உப்பைத் தடுக்கவும் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் கடலேற்றமும் ஒன்றாக வந்தால் ஷட்டரை இயக்கும் லஸ்கர் என்ன செய்வார்? திறந்தால் கடல் உள்ளே வரும், மூடினால் சம்பா மூழ்கும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியபோது பார்த்தோம். அப்படியானால் பம்பு வைக்கலாமே? வைக்கலாம். ஆனால் மரினாவுக்கு வடிவது சுமார் 10,000 ஹெக்டேர் நிலத்தின் தண்ணீர், அத்தனையும் ஒரே அரசின் கையில். இங்கே மேலே உள்ள வயல்களின் வடிகாலெல்லாம் நம் தலையில் விடிகிறது. அதற்கு மேல் பணம் இருந்தால் முதலில் வயலை வடிய வைப்பதுதான் நியாயம். இன்னொன்று: கோடையில் மணலும் மழையில் வெள்ளமுமாக இருக்கும் ஆற்றில் நடைபாதைக்காகக் கரையை உள்ளே தள்ளிக் கட்டினால், வெள்ளம் ஊருக்குள் இடம் தேடும்.

பூங்காவுக்குக் கட்டணம் உண்டா? இல்லை. வழி? காலாங் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களா? சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். அணைக்கட்டைப் பார்க்க முடியுமா? முடியும், அதன் புல்மாடியில் பட்டம் விடுகிறார்கள். உப்பனாற்றுக்கு என்ன செய்யலாம்? தூர்வாரிய மண்ணை மறுபடி ஆற்றிலேயே சரியும்படி கரையில் குவித்துவிட்டுப் போகாதிருந்தால், இந்த ஜூனுக்கு அது போதும்.