வாயில்லா ஜீவனுக்கும் பருவம் உண்டு!

'டாக்டர், எங்க வீட்டு நாய்க்கு உடம்பு சுடுது. நாங்க போடற காய்ச்சல் மாத்திரையில பாதி கொடுக்கலாமா?'

தங்களுக்கு மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போது இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். 'கூடவே கூடாது' என்பதுதான் என் பதில். நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். தொட்டால் நமக்குச் சுடத்தான் செய்யும். நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால், பூனைக்குக் கடும் விஷம். ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடலாம்.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்றும் நினைக்காதீர்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். நமக்கு நல்லது செய்யும் பூண்டும் வெங்காயமும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அவற்றுக்கு வேண்டியது நம் மருந்தல்ல; பருவத்துக்கு ஏற்ற கவனிப்பு.

வெயில் காலம்

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சப்பை மூக்குள்ள பக் போன்ற ஜாதிகள் இதில் ரொம்பவே திண்டாடும். சித்திரை, வைகாசியில் வாக்கிங் கூட்டிப்போகுமுன் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்க முடியவில்லையா? அதன் பாதமும் தாங்காது. மூடிய காரில் 'அஞ்சே நிமிஷம்' என்றுகூட விட்டுப் போகாதீர்கள். வெயிலில் துவண்டு விழுந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டபடியே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

மழைக் காலம்

ஈரப்பதம் கூடினால் உண்ணித் தொல்லையும் கூடும். காதுமடல், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தினமும் தேடுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், விரலால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் தடவுவது, கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவது இரண்டுமே வேண்டாம். நாயும் பூனையும் உடம்பை நக்குகிற ஜீவன்கள். மேலே பூசியது வயிற்றுக்குள் போய்விடும்!

தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதன் வழியாக வரும் எலிக்காய்ச்சல் நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். இதற்கு நாய்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, கேட்டுப் போடுங்கள். ஐப்பசியில் தீபாவளியும் வரும். நாயின் செவி நம்முடையதைவிடக் கூர்மை. வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிவிடாமல் உள் அறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, யாராவது கூடவே இருங்கள்.

பனிக் காலம்

மார்கழிக் குளிரில் வயசான நாய்க்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். வெறும் தரையில் படுக்கவிடாமல், பலகை மேல் உலர்ந்த சாக்கை விரித்துக் கொடுங்கள். தெருப் பூனைகள் கதகதப்புக்காகக் கார் இன்ஜின் பக்கம் ஒண்டிக்கொள்ளும். காலையில் வண்டியைக் கிளப்புமுன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

எல்லாக் காலத்துக்கும்...

ரேபிஸ் எனும் வெறிநோய்க்குப் பருவம் கிடையாது. அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆகவே குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். பூனைக்கும் இதேதான்.

நாயோ பூனையோ கடித்தாலோ, பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், பச்சிலை எதையும் காயத்தில் வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் கசிந்திருந்தால், காயத்திலேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் அவசியம். 'நம்ம வீட்டு நாய்தானே' என்று இருந்துவிடாதீர்கள்.

வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்றே குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது 1907-ல். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது, இப்போது கையில்தான். ஒன்றிரண்டோடு நிறுத்தாமல், சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள்.

குழந்தைகளுக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: "நாய் பிறாண்டினா திட்டமாட்டோம். உடனே வந்து சொல்லிடணும்." அடிக்குப் பயந்து குழந்தை மறைக்கிற சின்னக் கீறலில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது.