கோயில் வாசலில் நிற்கும் பறை



இலக்கிய மேடையில் கோயில் பாட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. எழுதப்படிக்க வாய்ப்புக் கிடைக்காத நம் தாய்மார்களில் பலருக்கு, வாரம் தவறாமல் வாய்விட்டுச் சொல்லக் கிடைக்கிற கவிதை ஞாயிறு பூசைப் பாட்டுதான். அதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்தச் சுருதியில் வைக்கிறார்கள், பின்னால் எந்தக் கருவி ஒலிக்கிறது என்பதெல்லாம் நம் விவகாரம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையே, 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்கிறது. பாடுகிற கூட்டத்தில் நாம்தான் அதிகம். பாட்டைத் தீர்மானிக்கிற இடத்தில் எத்தனை பேர் இருக்கிறோம்?

போடிநாயக்கனூரை வைத்துப் பேசுவோம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் போகிறார்கள். செடியின் தூரில் தரையோடு படர்ந்து கிடக்கும் கொத்திலிருந்து குனிந்தபடியே காய் எடுக்கிற வேலை. ஆறு நாள் அப்படிக் குனிந்தவர் ஏழாம் நாள் கோயிலில் நிமிர்ந்து பாட வருகிறார். அவருக்கு எட்டுகிற பாட்டா அங்கே வைக்கப்படுகிறது?

பெரும்பாலும் இல்லை. பாடகர் குழு பாட்டைக் கற்றுக்கொள்வது ஒலிப்பதிவிலிருந்து. அதில் பாடியிருப்பவர் தேர்ந்த பின்னணிப் பாடகர். அவர் சுருதியை அப்படியே கீபோர்டில் எடுத்துக்கொண்டால், சரணத்தின் உச்சியில் சபை வாயை மூடிக்கொள்ளும். பிறகு, ‘நம்ம சனங்க பாடவே மாட்டேங்குறாங்க’ என்று சனத்தின்மேல் பழி. ஆணும் பெண்ணும் கிழவியும் குழந்தையும் சேர்ந்து பாட, ஒரு ஸ்தாயிக்குள் அடங்குகிற மெட்டு வேண்டும். சுருதியை இறக்கி வைக்க வேண்டும். கரண்ட் போனாலும் பாட்டு நிற்கக்கூடாது. மலைச்சரிவுச் சிற்றாலயத்துக்கு இதுதான் முதல் பரீட்சை.

புத்தகமும் திரையும் இல்லாமல் பாட வழி, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. நடவுப் பாட்டிலும் ஒப்பாரியிலும் நம் பெண்கள் செய்துவருவது அதைத்தான். பூசையில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை. முதல் வாசகம் முடிந்ததும் வரும் பதிலுரைப் பாடல் அமைப்பிலேயே அப்படித்தான்: ஒருவர் சங்கீத அடியைப் பாட, சபை ஒரே பல்லவியைத் திரும்பச் சொல்லும். அந்த ஒரு இடத்தைத் தோட்டத்துப் பெண் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒலிப்பதிவிலிருந்து பாட்டுத் தேடும் வேலை பாதி குறையும்.

இனிக் கருவிகளுக்கு வருகிறேன். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903-இல் பியானோவையும், மத்தளம், கைத்தாளம் போன்ற சத்தக் கருவிகளையும் கோயிலுக்குள் தடுத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு கதவைத் திறந்தது: மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும், வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் ஏற்கலாம் என்றது. 1967-இல் வந்த இசை பற்றிய அறிவுறுத்தல் ஒரு நிபந்தனை வைத்தது. பொதுக் கருத்துப்படியும் வழக்கப்படியும் உலக இசைக்கு மட்டுமே உரிய கருவிகள் கூடாது.

பொதுக் கருத்து என்பது யாருடைய கருத்து? சாதி ஊரில் பறையைப் பற்றிய பொதுக் கருத்தைச் சொன்னவர் ஊர்த்தெருக்காரர். சேரிக்காரரை எவரும் கேட்கவில்லை. ‘அது சாவு மேளம்’ என்று சொல்லி வாசலோடு நிறுத்திவிட்டார்கள். (ஒரு சாவை நினைவுகூரத்தான் ஞாயிறுதோறும் அங்கே கூடுகிறோம் என்பதை யாரும் யோசிக்கவில்லை.) திருவிழாச் சப்பரத்துக்கு முன்னால் அடிக்கலாம், படி தாண்டக்கூடாது.

இதே கோயிலுக்குள் இயந்திரம் தாராளமாக நுழைகிறது. பென் டிரைவில் இசைத்தடத்தை ஓடவிட்டு அதன்மேல் பாடும் வழக்கம் பரவுகிறது. ஒலிபெருக்கியை அனுமதித்த 1958-ஆம் ஆண்டு உரோமை அறிவுறுத்தல், இசைத்தட்டு, ஒலிநாடா போன்ற தானியங்கிக் கருவிகளை வழிபாட்டில் அறவே கூடாது என்றது. காரணம் எளிது. வழிபடுகிறவர் உயிருள்ள மனிதராக இருக்க வேண்டும். ஓடுகிற தடம் கிழவியின் மூச்சுக்காகக் காத்திருக்காது. கீபோர்டின் பொத்தானுக்குள் தோல்கருவிச் சத்தம் இருந்தால் ஆட்சேபம் இல்லை, அடிக்கிற ஆள் வந்தால் மட்டும் ஆட்சேபம் என்றால், தடை கருவிக்கா ஆளுக்கா?

‘இந்தியமயமாக்கல்’ நமக்கு உதவியதா என்றால், அரைகுறையாக. 1969-இல் உரோமை ஒப்புக்கொண்ட 12 அம்சங்களால் ஆரத்தியும் குத்துவிளக்கும் பூசைக்குள் வந்தன. ஆனால் பண்பாடு என்று எடுத்துக்கொண்டது பெரும்பாலும் மேல்சாதிப் பண்பாட்டை. இசை என்றால் கர்நாடக இசை. இதற்கு மறுமொழி மதுரை அரசரடியிலிருந்து வந்தது. தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவூ (1940–2005), நம் பரட்டை அண்ணன், சீர்திருத்த சபைக்காரர். மேலை இசையும் கர்நாடக இசையும் தெரிந்தவர். தெரிந்தே அவற்றை விட்டுவிட்டு நாட்டுப்புற மெட்டில் முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். தம் பாட்டைக் கிராமத்தார் மாற்றிப் பாடினால், அது அவர்களுடையதாகிவிட்டது என்று மகிழ்ந்தார். ஜோயி ஷெரினியன் 2014-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதை விரிவாகப் படிக்கலாம்.

நம் வீட்டுக்குள்ளேயே ஒரு சண்டை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஊருக்குச் சாவுமேளம் அடிப்பது கட்டாய ஊழியமாக இருந்ததால், ‘இனித் தொடமாட்டோம்’ என்று பறையைத் தூக்கியெறிந்த தாத்தாக்கள் நமக்கு உண்டு. அவர்கள் பேரனைக் கூப்பிட்டு, ‘பண்பாடு’ என்று சாமியார் பறையைக் கையில் கொடுத்தால், எறிந்தவரின் மானம் என்னாவது? திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தபோது அதன் பொருளே மாறியது. அடிமை ஊழியத்தில் பெண்ணுக்கு அந்தக் கருவி இருந்ததில்லை. ஆகவே நான் பார்ப்பது, பறை உள்ளே வருகிறதா என்பதை மட்டுமல்ல. யார் முடிவெடுத்தார், அடிப்பவர் எங்கே நிற்கிறார், விரும்பாத தெருவைக் கட்டாயப்படுத்தினார்களா, கூலி உண்டா என்பதையும் பார்க்கிறேன். கீபோர்டுக்காரருக்குப் பணம், பறைக்காரருக்குச் சாப்பாடு என்றால் அது பழைய ஊழியமேதான்.

எங்கே அடிப்பது, எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நற்கருணை மன்றாட்டைக் குரு சொல்லும்போது எந்தக் கருவியும் ஒலிக்கக்கூடாது. அப்போது கீபோர்டில் மெல்ல இழுத்துக்கொண்டிருப்பதும் தவறுதான். தவக்காலத்தில், நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக, பாடலைத் தாங்க மட்டுமே கருவி. வருகைப் பவனி, காணிக்கைப் பவனி, நன்றிப் பாடல் ஆகியவை பறைக்கு இயல்பான இடங்கள். காங்கிரீட் கட்டடத்தில் நான்கு பறை அடித்தால் எதிரொலியில் சொல் மூழ்கிவிடும். ஒன்றோ இரண்டோ போதும், மைக் வேண்டாம்.

ஈஸ்டர் இரவு இன்னும் பொருத்தம். பறையை அனலில் காய்ச்சினால்தான் குரல் எழும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றிரவு கோயிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்டித்தான் வழிபாடே தொடங்குகிறது. அதன் பக்கத்திலேயே வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொள்ளலாம். பெரிய வியாழன் முதல் அடங்கியிருந்த மணிகள் வானவர் கீதத்துக்கு ஒலிக்கும்போது பறையும் சேரட்டும். அடிப்பவர்கள் பீடத்தின் பக்கத்தில், பாடகர் குழுவோடு நிற்கட்டும்.