எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை

உடற்பருமன் பல நோய்களுக்கு வித்திடுகிறது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் பலனளிக்காதபோது சிலர் அறுவைச் சிகிச்சையை நாடுகின்றனர். சிங்கப்பூரில், உடல் நிறைக் குறியீட்டெண் 37.5ஐ எட்டியவர்களுக்கும், நீரிழிவு போன்ற நோய்களுடன் 32.5ஐ எட்டியவர்களுக்கும் மருத்துவர்கள் பொதுவாக இதனைப் பரிந்துரைக்கின்றனர்.

பரவலாகச் செய்யப்படும் ஒரு முறையில், இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்படுகிறது. அதனால் வயிறு விரைவில் நிறைகிறது. பசியைத் தூண்டும் ஹார்மோனும் குறைகிறது. ஆனால், அகற்றிய பகுதியை மீண்டும் பொருத்த இயலாது. இரத்தக்கசிவு, கிருமித்தொற்று போன்ற ஆபத்துகளும் உண்டு.

சிகிச்சைக்குப் பின்னர், உணவைச் சிறிது சிறிதாக, நன்கு மென்று உண்ண வேண்டும். உயிர்ச்சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். பழைய பழக்கங்கள் திரும்பினால் எடையும் திரும்பும். இரைப்பையின் அளவை மருத்துவர் குறைக்கலாம். பழக்கத்தை மாற்றுவது அவரவர் கையில்தான் உள்ளது.