கைபேசி காது கொடுக்கட்டும், பள்ளி பதில் சொல்லட்டும்

பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் வீட்டுக்கு ஒரே கைபேசி என்றால், அது வலையோடு சேர்ந்து படகில் ஏறிவிடும். காற்று எச்சரிக்கை தெரிய வேண்டும், கரையில் இறால் என்ன விலை போகிறது என்று கேட்க வேண்டும். அப்பா கரை சேர்ந்து கண்ணயரும் சில மணி நேரம்தான் அது பிள்ளையின் கைக்கு வரும். ‘படிக்கக் கற்றுத்தரும் ஆப்’ என்று யாரோ ஏற்றிக்கொடுத்தது அதில் இருந்தால், அது என்ன செய்கிறது, என்ன எடுத்துக்கொள்கிறது என்று வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஆப்புக்குத் தேவை வந்த கதை பெருந்தொற்றுக் காலத்தது. பள்ளிகள் திறந்தபின் 2022இல் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளந்த ஏசர் ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அதே ஆண்டு ஜூன் தொடக்கத்தில், கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலியைக் கொண்டு, தன்னார்வலர்கள் சொல்லித்தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ மையங்கள் வழியாக மாநில அளவில் வாசிப்பு மாரத்தான் நடந்தது. ஜூன் 13 அன்று, நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதல்வர் தொடங்கி வைத்தார். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையின்றி வாசிக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பாடம் நடத்துவது அதன் முறை.

ரீட் அலாங் 2019இல் ‘போலோ’ என்ற பெயரில் வந்தது. அடுத்த ஆண்டு தமிழும் சேர்ந்தது. திரையில் கதை ஓடும், பிள்ளை உரக்க வாசிக்கும், தியா என்ற பாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கும். தடுமாறும் சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டும். கதைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். உட்கார்ந்து கேட்க ஆளில்லாத வீட்டில் இது பெரிய உதவி என்பதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எல்லாச் செயலியும் தமிழ் வாசிப்புக்கு ஏற்றதல்ல. ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு. நாவில் முதலில் வருவதோ ‘க்’. கொம்பும் காலும் சேர்ந்துதான் ஓர் உயிரொலி. பகல், பக்கம், பங்கு என்ற மூன்று சொல்லிலும் எழுத்து ககர வரிசைதான், ஒலி ஒவ்வொன்றிலும் வேறு. ஆங்கில எழுத்து விளையாட்டுக்குத் தமிழ் உடுப்புப் போட்டுவிட்ட செயலிகள் இதையெல்லாம் கவனிப்பதே இல்லை. சோதிக்க எளிய வழி உண்டு. படத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்களே ஒரு சொல்லை வேண்டுமென்றே தப்பாக வாசியுங்கள். அதற்கும் நட்சத்திரம் கொடுத்தால் அந்தச் செயலியை அழித்துவிடலாம். சில நேரம் இதன் எதிர்ப்பக்கமும் நடக்கும்: பிள்ளை சரியாகத்தான் வாசித்திருக்கும், நம் குப்பத்துப் பேச்சின் இழுப்பு கருவிக்குப் பிடிபட்டிருக்காது. அப்போது பிள்ளையைத் திட்டாதீர்கள்.

பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்று முறை வைக்கும் ‘பாடு’ வழக்கம் இங்கே தலைமுறைகளாக உண்டு. வீட்டுக் கைபேசிக்கும் ஒரு பாடு வையுங்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், பெண் பிள்ளைக்கும் சம பங்கு. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லியிருக்கிறது.

அடுத்தது தகவல். பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 164 கல்விச் சாதனங்களை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 146 பிள்ளைகளின் தனியுரிமைக்கு ஆபத்தாகவோ ஊறாகவோ இருந்தன என்றது. நம் பாடநூல்களில் உள்ள கியூஆர் குறியைக் கைபேசியால் ஸ்கேன் செய்தால் திறக்கும் ‘திக்‌ஷா’வும் அந்த ஆய்வில் இடம்பெற்றது. 2023 ஜனவரியில், திக்‌ஷாவில் பதிவான பல லட்சம் மாணவர், ஆசிரியரின் விவரங்கள் பாதுகாப்பற்ற சேமிப்பகத்தில் திறந்து கிடந்ததாக ‘வயர்டு’ இதழ் எழுதியது. அரசுச் செயலி என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இதற்கும் வழி செய்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளையைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய்வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் இந்தக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் ஆகும். அதுவரை காவல் உங்கள் விரலில்தான் இருக்கிறது. வாசிப்பதைக் கேட்கும் செயலிக்கு ஒலிவாங்கி தேவை. இருப்பிடமும் தொடர்பு எண்களும் படத்தொகுப்பும் எதற்கு? அவற்றுக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். பிள்ளையின் முழுப்பெயரும் பள்ளிப் பெயரும் கொடுக்க வேண்டியதில்லை.

பணத்தில் ஏமாறுவது இன்னும் வேகமாக நடக்கும். ‘முதல் மாதம் இலவசம்’ என்று சொல்லி வங்கிக் கணக்கில் தானாகப் பணம் பிடிக்க ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். இப்படிப்பட்ட தானியங்கிப் பிடித்தத்தைத் தவிர்க்கும்படி ஒன்றியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. அப்படி ஒப்புதல் கொடுத்துவிட்டால், பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்போதே ரத்து செய்யலாம். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ‘ஆப்பில் படிக்கச் சொல்லுங்கள்’ என்று பள்ளி கைகழுவ முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 24ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தருவது ஆசிரியரின் கடமை. கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்துப் பிள்ளைக்கும் அதே உரிமை. மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டத் திணறினால், முதலில் கண்ணும் காதும் சரியா என்று பார்த்துவிட்டு, அரும்பா, மொட்டா, மலரா, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரைக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; அதில் எழுப்புங்கள். அங்கே முடியாவிட்டால் மீஞ்சூர் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போகலாம், 14417க்கும் அழைக்கலாம்.

வாய்ச்சொல்லோடு நிற்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு, எழுத்துமூலப் புகாரை உள்ளூர் அதிகார அமைப்பு மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது. அந்த முடிவில் நிறைவில்லையென்றால் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடிந்ததென்று கேட்கப் போகும்போது அந்தத் தேதிதான் சான்று.