சைட்டில் தூளி கட்டும் தாய்க்குச் சட்டம் தரும் அறை

சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கைக்குழந்தை இருந்தால் மூன்றே வழிகள். வேலையை விடலாம், அன்றன்றைய கூலியில் அடுப்பெரியும் வீட்டில் அது நடக்காது. மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அந்த மகளின் படிப்பு அதோடு போகும். இரண்டும் முடியாதென்றால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சைட்டுக்கே வர வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்குப் பாட்டி, அத்தை துணையும் இல்லாததால் மூன்றாவது வழிதான் மிச்சம்.

“ஏம்மா, பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வரக் கூடாதா?” என்று மேஸ்திரி சலித்துக்கொள்வார். இந்தக் கேள்வியை அவர் முதலாளியிடம் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைக்கு ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஆளும் ஏற்பாடு செய்யும் கடமையைச் சட்டம் முதலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது.

ஆபத்து எங்கே?

கட்டுமான இடத்தில் முதலில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. செங்கல் நனைக்கவும் கான்கிரீட் க்யூரிங்குக்கும் நிரப்பிய சம்ப்புக்கு மூடி இருக்காது. குறுக்கே இரண்டு பலகை கிடக்கும். நடை பழகும் பிள்ளை அதில் விழுந்தால் மிக்சர் மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. அடுத்து லிஃப்ட் குழி, தலை நீட்டிய கம்பிகள், ரிவர்ஸ் எடுக்கும் டிப்பர், தரையில் கிடக்கும் ஒட்டுப்போட்ட வயர். ஈர சிமெண்டின் காரம் பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும். எடைக்கு எடை பார்த்தால் குழந்தை பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. சிமெண்ட் தூசியும் சேர்ந்தே உள்ளே போகும்.

பட்டாசு ஆலை என்றால் பேச்சுக்கே இடமில்லை. வெடிபொருள் விதிகளின்படி 18 வயது நிரம்பாதவர் உரிமம் பெற்ற வளாகத்துக்குள் வரவே கூடாது. வேலைக்கு இல்லை, அம்மாவோடு சும்மா வந்தது என்ற சமாதானம் அங்கே செல்லாது.

துணைக்கு வந்த பிள்ளை தொழிலாளி ஆகும்போது

செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பக்கத்தில் விளையாடும் எட்டு வயதுப் பிள்ளை காய்ந்த கல்லைத் திருப்பிப் போட்டால் கணக்கு கொஞ்சம் கூடும். யாரும் வேலை வாங்கவில்லை; ஆனாலும் பிள்ளை வேலை செய்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்கிறது 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்ற விலக்கு, ஆபத்தில்லாத சொந்தத் தொழிலுக்குத்தான். முதலாளியின் சூளை தொழிலாளியின் குடும்பத் தொழில் ஆகாது.

மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. ஆகவே, “புகார் கொடுத்தால் உன்னைத்தான் பிடிப்பார்கள்” என்ற மிரட்டலுக்குத் தாய் பயப்பட வேண்டியதில்லை.

மெஷின் ஓடும் நேரத்தில் ஆலைக்குள் காணப்படும் எவரும், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, அங்கே வேலை செய்பவராகவே கருதப்படுவார் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 103-வது பிரிவு வகுத்தது. இன்ஸ்பெக்டர் வரும்போது “சாப்பாடு கொண்டுவந்த பையன்” என்று சொல்லித் தப்பிப்பதைத் தடுக்கவே இப்படி ஒரு பிரிவு.

சட்டம் சொல்லும் அறை

1996-ம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயமாக இருந்தது. “எங்களிடம் 50 பெண்கள் இல்லையே” என்று சொல்லியே பல கான்ட்ராக்டர்கள் தப்பினார்கள். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 ஊழியர் உள்ள நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. இந்தக் கணக்கில் ஆண்களும் சேர்வார்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே 50 ஊழியர் கணக்கைத் தொடர்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான காப்பகத்துக்கு, 50 தொழிலாளர்களுக்கு மேல் உள்ள இடங்களில் விதி செய்யப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வழி வைத்திருக்கிறது. இடம் இல்லை என்பவர்கள் பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம்.

தாய் ஒரு நாளில் நான்கு முறை காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம், பால் கொடுக்கலாம். அதைச் சலுகை என்று சொல்லிக் கூலியில் பிடிப்பது தவறு.

வங்கி, ஐ.டி. அலுவலகப் பெண்களுக்கும் இதே உரிமைதான். பிள்ளையை மேசைப் பக்கத்தில் உட்காரவைக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. காப்பகத்தைக் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது.

காப்பகத்துக்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. 1969-ல் டெல்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானம் நடந்தபோது, புழுதியில் கிடந்த தொழிலாளர் பிள்ளைகளுக்காக மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில்தான் காப்பகத்தைத் தொடங்கினார். ‘மொபைல் கிரெச்சஸ்’ அமைப்பு பிறந்தது அப்படித்தான்.

எங்கே கேட்பது?

தனியாகக் கேட்பவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. பத்துப் பேர் கையெழுத்திட்டு, அல்லது சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். மனுவில் சைட் முகவரி, மொத்த ஆட்கள், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, கான்ட்ராக்டரிடம் கேட்ட தேதி, அவர் சொன்ன பதில் ஆகியவை இருந்தால் போதும்.

* தமிழ்நாட்டில் ஆலை, கட்டுமான இடம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். மற்ற இடங்களுக்குத் தொழிலாளர் துறை.
* கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். முதல்வரின் உதவி எண் 1100.
* குழந்தை வேலை செய்வதைப் பார்த்தால் 1098. யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

விபத்து நடந்துவிட்டால், மருத்துவமனையில் எங்கே, எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லி ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். “வீட்டில் விழுந்ததாகச் சொல்லு, செலவை நான் பார்த்துக்கிறேன்” என்ற பேச்சுக்கு இணங்கினால் வழக்கு அங்கேயே செத்துவிடும். குழந்தை தொழிலாளி இல்லை என்பதால் தொழிலாளர் இழப்பீட்டு விதிகள் கைகொடுக்காது; இடத்தைப் பாதுகாப்பாக வைக்காத அலட்சியத்துக்காக சிவில் வழக்குதான் போட வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறது சட்டப்பணிகள் ஆணைக்குழு, எண் 15100.

ஐந்து பேர் வேலை செய்யும் வீட்டில்

தெருவில் எழும்பும் வீடுகளில் பெரும்பாலும் 50 பேர் இருக்க மாட்டார்கள். காப்பகச் சட்டம் அங்கே எட்டாது. பக்கத்து அங்கன்வாடியில் இரண்டு வயது முதல் பிள்ளையைச் சேர்க்கலாம். வெளியூர்க்காரர் என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு டி.சி. இல்லாவிட்டாலும், ஆண்டின் நடுவே வந்தாலும் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி இடம் தர வேண்டும். மற்றது வீடு கட்டுபவர் கையில்: சம்ப்புக்கு இரும்பு மூடி, லிஃப்ட் குழிக்குத் தடுப்பு, வண்டி வராத மூலையில் நிழலாக ஓர் இடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்திக்கு முழு நாள் கூலி. கான்ட்ராக்டரோடு ரேட் பேசும் அன்றே இந்த நான்கையும் எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லுங்கள்.